இருசம்மாள் களத்தில் ஒன்பது கிலோமீட்டர்

கள்ளக்குறிச்சியில் மண் இறுக்க மெய்ப்பிப்பு அலகு என்றோர் அலுவலகம் இருந்தது. புதிதாகப் போடும் சாலையின் அடிமண் போதுமான அளவு இறுகியிருக்கிறதா என்று சோதித்துச் சான்று தருவது அதன் வேலை. தொடங்கிய நாளிலிருந்து அந்த அலகு ஒரு சாலையைக்கூடத் தோற்கடித்ததில்லை. சோதித்த சாலைகள் எல்லாம் தேறின. தேறிய பிறகு சில சாலைகள் மழையோடு போய்விட்டன. அதைச் சாலைகளின் ஒழுக்கக் குறைவாகவே அலகு கருதியது.

கல்வராயன் மலையில் தும்பைக்காட்டிலிருந்து பன்னிமேடு வரை ஒன்பது கிலோமீட்டர் சாலை போடும் வேலை ஆவணி மாதம் தொடங்கியது. சோதனை செய்ய அய்யப்பன் வந்தார். அலகின் ஆய்வக உதவியாளர். இருபத்திரண்டு வருட சர்வீஸ்.

சோதனை எளிமையானது. தரையில் ஒரு கை அகலத்துக்கு, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்ட வேண்டும். தோண்டிய மண்ணை எடை போட வேண்டும். பிறகு, சலித்து ஒரே அளவாக்கிய மணலை ஓர் இரும்பு உருளையிலிருந்து குழிக்குள் இறக்க வேண்டும். எவ்வளவு மணல் பிடித்தது என்று பார்த்தால் குழியின் அளவு தெரியும். அதையும் மண்ணின் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டால், மண் எத்தனை சதவீதம் இறுகியிருக்கிறது என்பது வந்துவிடும். தொண்ணூற்றேழு வந்தால் தேர்ச்சி.

முதல் கிலோமீட்டரில் எண்பத்தொன்று வந்தது.

"ரோலர் எத்தினி தடவை ஓட்டுனீங்க?" என்று காண்டிராக்டரின் சூப்பர்வைசர் பழனியைக் கேட்டார் அய்யப்பன்.

"போவ ஒண்ணு, வர ஒண்ணு."

"எட்டு தடவை ஓட்டணும், தண்ணி அடிச்சி."

"தண்ணி லாரி இந்த வளைவுல ஏறாது சார். ரோலரும் பாவம், வயசானது."

அய்யப்பன் மேலதிகாரிக்குப் போன் போட்டார். மேலதிகாரி உதவிக் கோட்டப் பொறியாளர் தமிழழகன்.

"சார், எம்பத்தொண்ணு வருது."

"நீ எடம் தப்பா எடுத்துட்ட."

"ரோட்டு மேலதான் சார் எடுத்தேன்."

"அதான் தப்பு. சரியான எடம் எதுன்னு பாத்து எடு."

அய்யப்பன் உருளையைத் தோளில் போட்டுக்கொண்டு சரியான இடத்தைத் தேடி நடந்தார். இரண்டு மணி நேரம் நடந்தும் சாலையில் அப்படி ஓர் இடம் இல்லை. தாகம் எடுத்தது. சாலையிலிருந்து பத்தடி தள்ளி ஒரு வீடும் அதன் முன்னால் சாணி மெழுகிய களமும் இருந்தன. தண்ணீர் கேட்கக் களத்தில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். குதிகாலால் இரண்டு முறை தட்டிப் பார்த்தார். பிறகு தண்ணீர் கேட்க மறந்து கடப்பாரையை எடுத்தார்.

அந்தக் களம் ஆறு வீட்டுக்குப் பொது. அந்த ஊரில் வருடத்துக்கு ஒரு வீடு களத்தைப் பார்த்துக்கொள்வது முறை. முறைக்காரர்தான் மண் கொட்டித் திமிசு போட்டு இறுக்கி, சாணி மெழுகி வைக்க வேண்டும். அறுவடை முடிந்து சாமை வீட்டுக்குப் போகும்வரை காவலும் அவர் பொறுப்பு. களத்தில் யாருடைய தானியம் கெட்டாலும் முறைக்காரர் தன் வீட்டுக் குதிரிலிருந்து அளந்து ஈடு செய்ய வேண்டும். இந்த வருட முறை இருசம்மாளுடையது. புருஷன் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்ததால், புரட்டாசியில் ஊர்ப் பெண்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு திமிசு போட வேண்டியவளும் அவள்தான். ஆனால் போன வருடம் போட்டதே இன்னும் கல் மாதிரி இருந்தது.

கடப்பாரைச் சத்தம் கேட்டு இருசம்மாள் வெளியே வந்தாள்.

"இன்னா சார், எங்க களத்துல குழி வெட்டிக்கினு இருக்கீங்க?"

"ரோடு டெஸ்ட்டும்மா."

"ரோடு அங்க இருக்குது."

"ரோடு அங்கதாம்மா. டெஸ்ட்டு இங்க."

இருசம்மாளுக்குப் புரியவில்லை. அதிகாரி தோண்டினார், மண்ணை எடை போட்டார், குழியில் மணலை இறக்கினார், நெற்றியில் பேனாவைத் தட்டிக் கணக்குப் போட்டார். தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு. பதிவேட்டில் 'கிலோமீட்டர் 0/200' என்று எழுதினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் பேனா எழுதிய முதல் உண்மையான எண் அது. இடம் மட்டும்தான் தப்பு.

"மண்ண எடுத்துட்டு மணலக் கொட்டிட்டுப் போறீங்களே சார், மூடமாட்டீங்களா?"

"மூடற செக்ஷன் வேறம்மா."

அடுத்த செவ்வாய்க்கிழமை அய்யப்பன் மறுபடியும் வந்தார். நான்கு குழி. அதற்கடுத்த செவ்வாய் ஐந்து. சாலை பன்னிமேட்டை நோக்கி நீண்டுகொண்டே போனது. குழிகள் இருசம்மாள் களத்திலேயே வரிசை கட்டின. ஒவ்வொரு குழியையும் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினார். படத்தின் அடியில் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தானாகப் பதிந்தன. எல்லாப் படத்திலும் ஒரே எண். கள்ளக்குறிச்சியில் அதைப் பார்த்த தமிழழகன் 'பணியில் சீர்மை' என்று குறிப்பெழுதினார்.

மலை ஏற்றத்தில் மணலைச் சுமக்கச் சலித்துக்கொண்டு, சலித்த மணல் மூட்டையை இருசம்மாள் வீட்டிலேயே போட்டுவைத்தார் அய்யப்பன்.

"அரசு மணல்மா. பத்திரம்."

"எங்க களத்துக்கு யாரு சார் பத்திரம்?"

அய்யப்பன் உருளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அந்த செக்ஷனும் வேறு.

*

குழி முப்பத்தொன்று ஆனபோது இருசம்மாள் மலையிறங்கினாள். கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் மாறிக் கள்ளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. அலகின் கட்டடம் ஒரு மூலையில் ஒரு சாண் அமிழ்ந்திருந்தது. உள்ளே தமிழழகனின் மேசை சரியாமல் இருக்க, ஒரு காலுக்கடியில் சான்றிதழ்க் கட்டு வைத்திருந்தார்கள்.

இருசம்மாள் சொன்னதை எல்லாம் தமிழழகன் பொறுமையாகக் கேட்டார். மக்களிடம் பொறுமையாகப் பேசுவதில் அவர் பெயர் பெற்றவர்.

"அம்மா, நீங்க ரோடு ஒண்ணுதான்னு நெனச்சிக்கினு இருக்கீங்க. ரெண்டு. ஒண்ணு மலையில இருக்கு, இன்னொண்ணு ஃபைல்ல இருக்கு. மலையில இருக்கறத காண்டிராக்டர் பாத்துக்குவாரு. அவரு பாக்காத மிச்சத்த மழை பாத்துக்கும். ஃபைல்ல இருக்கற ரோட்டுக்கு நாங்கதான் பொறுப்பு. அதுல ஒரு பள்ளம் இருக்கக் கூடாது. என் சர்வீஸ்ல ஒரு ஃபைல் கூட மழையில அடிச்சிக்கினு போனதில்லம்மா."

"எங்க களத்துல முப்பத்தோரு பள்ளம் இருக்குதுங்களே."

"எந்த ஃபைல்ல இருக்கு?"

"களத்துல இருக்குதுங்க."

"அதான் கேக்கறேன். எந்த ஃபைல்ல?"

ஐப்பசி பிறந்தால் அறுவடை, குழியில் சாமை விழும், மணலோடு கலக்கும், ஆறு வீட்டுக்கு நான்தான் பதில் சொல்லணும் என்று இருசம்மாள் எடுத்துச் சொன்னாள். எழுதிக் கொடுங்கள் என்றார் தமிழழகன். வெளியே மரத்தடியில் ஒருவரிடம் எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. இருசம்மாள் எட்டாவது படித்தவள். ஆனாலும் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது.

'தங்கள் களத்தில் குழிகள் இருப்பதாகத் தாங்கள் தெரிவித்தது, பதிவேடுகளுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது. மேற்படி குழிகள் யாவும் சாலையின் கிலோமீட்டர் 0/200 முதல் அடுத்தடுத்து அமைந்துள்ளன. எனவே தங்கள் களத்தில் குழிகள் இல்லை எனத் திட்டவட்டமாகத் தெரிவிக்கப்படுகிறது.'

இருசம்மாள் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளைக் கூட்டிக்கொண்டு, தன் குழிகளைத் தேடிச் சாலையோடு நடந்தாள். ஏழு கிலோமீட்டர் நடந்தார்கள். குழி ஒன்றும் இல்லை. அங்கங்கே கால் புதைந்தது, அவ்வளவுதான்.

"கவர்மெண்ட்டே இல்லன்னு சொல்லிடுச்சில்ல," என்றாள் பச்சையம்மாள். "அப்ப நாமளே மூடிட்டா இன்னா? இல்லாததத்தான மூடறோம்."

பின்னால் வம்பு வரக் கூடாதே என்று அதற்கும் ஒரு மனு எழுதிப் போட்டாள் இருசம்மாள். இதுதான் அவள் செய்த தவறு. இரண்டாவது பதில் நாலே நாளில் வந்தது.

'குழிகளில் உள்ள மணல் அரசுச் சொத்து. இறுதிச் சான்று வழங்கும்வரை குழிகளை மூடுவதோ மணலை அகற்றுவதோ குற்றமாகும். அதுவரை மேற்படி மணல் தங்கள் பொறுப்பில் விடப்படுகிறது. குறைவு ஏற்பட்டால் தாங்களே பொறுப்பு.'

பச்சையம்மாள் இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"குழி இல்லியாம். குழியில மணல் இருக்குதாம்."

"அந்த மணலுக்கு நான் வாட்ச்மேனாம்."

"சம்பளம் இன்னான்னு போட்டிருக்குதா?"

இருசம்மாள் சிரிக்கவில்லை. இரண்டு கடிதத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்தாள்.

*

ஐப்பசி அறுவடைக்குள் குழி முப்பத்தெட்டு ஆகிவிட்டது. ஒவ்வொன்றின் மேலும் சாக்கை மடித்துப் போட்டாள். ஆறு வீட்டுச் சாமைக் கதிரும் களத்துக்கு வந்தது. மாடு விட்டு மிதித்தார்கள். மாட்டின் குளம்புக்கு அரசுக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. சாக்கு நழுவியது, குழி உடைந்தது, மணல் மேலே வந்தது.

சாதாரண மணலாக இருந்தால் சலித்தே பிரித்திருக்கலாம். இது ஆய்வகத்தில் அறிவியல்படி சலித்து ஒரே அளவாக்கிய மணல். அந்த அளவு சரியாகச் சாமையின் அளவு. சல்லடையில் போட்டால் இரண்டும் சேர்ந்தே விழுந்தன. முறத்தில் போட்டுக் கொழித்துப் பிரிக்கலாம். ஒரு படி கொழிக்க அரை நாள் ஆனது.

மொத்தம் ஒன்பது மூட்டை. பச்சையம்மாள் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். பல்லில் நறநறவென்றது. துப்பினாள்.

"இருசு, இது திங்க ஆவாது."

"தெரியும்."

"முறை உன்னுது. நான் சொல்லல, ஊரு சொல்லும்."

"ஊரு சொல்ல வேணாம். நானே அளக்கறேன்."

அளந்தாள். போன வருடத்துச் சாமை குதிரில் இருந்தது. தன் வீட்டு விதைச் சாமையும் இருந்தது. ஐந்து வீட்டுக்கும் அளந்து முடித்தபோது குதிரின் அடித்தரை தெரிந்தது. அவளுக்கு மிஞ்சியது மணல் கலந்த ஒன்பது மூட்டையும் இரண்டு கடிதங்களும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அய்யப்பன் வந்து காலிக் குதிருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வெள்ளாமை சரியில்லியாம்மா?" என்று கேட்டார். இருசம்மாள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

*

கார்த்திகையில் சாலை பன்னிமேட்டைத் தொட்டது. இறுதிச் சான்று வழங்கும் விழாவுக்குச் சென்னையிலிருந்து தலைமை மெய்ப்பிப்பாளர் விஜயலட்சுமி வருகிறார் என்றும், அவர் முன்னிலையில் செயல்முறை விளக்கமாக ஒரு சோதனை நடக்கும் என்றும் உத்தரவு வந்தது. சமமான, உறுதியான, கார் புதையாத இடம் என்பதால் விழாப் பந்தலை இருசம்மாள் களத்தில் போட்டார்கள். அவளுக்கும் மூன்றாவதாக ஒரு கடிதம் வந்தது: 'தங்கள் பொறுப்பில் உள்ள அரசு மணல் முழுவதையும் விழா நாளன்று குறைவின்றி ஒப்படைக்கவும்.'

இருசம்மாள் அந்தக் கடிதத்தை ஒரே முறைதான் படித்தாள்.

விழாவன்று காலை அய்யப்பன் அவசரமாக வந்தார். "மணல் மூட்டைய எடும்மா. மேடம் கார் கச்சிராயபாளையம் தாண்டிடுச்சாம்."

இருசம்மாள் கதவைத் திறந்தாள். உள்ளே பத்து மூட்டை வரிசையாக நின்றன.

"நான் ஒரு மூட்டைதான வச்சேன்?"

"உங்க மூட்டை மூலையில இருக்குது சார், அதுல அடியில ரெண்டு படிதான் மிச்சம். குழியில போட்ட மணலெல்லாம் இந்த ஒம்போதுல இருக்குது. முழுசா ஒப்படைன்னு எழுதியிருக்குது. ஒரு பொடி கூட நான் எடுத்துக்கல."

"சரி சரி, எல்லாத்தையும் ஜீப்ல ஏத்து."

"எழுதிக் குடுத்துட்டு ஏத்துங்க."

'இருசம்மாள் பொறுப்பில் இருந்த அரசு மணல் ஒன்பது மூட்டையும் குறைவின்றிப் பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அலகின் ரப்பர் முத்திரையும் குத்தினார் அய்யப்பன். மூட்டையைப் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்ப்பது அலகில் வழக்கமில்லை.

மாலை, பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் முடிந்தன. பச்சையம்மாளும் ஊரும் பந்தலின் ஓரத்தில் நின்று பார்த்தார்கள். முப்பத்தொன்பதாவது குழி தோண்டப்பட்டது. அய்யப்பன் முதல் மூட்டையிலிருந்து அள்ளி உருளையில் நிரப்பி, குழிக்குள் திறந்துவிட்டார். மணல் வழக்கத்தைவிடச் சற்று வழுக்கிக்கொண்டு இறங்கியது போலவும், நிறம் சற்று மங்கல் போலவும் அவருக்குத் தோன்றியது. ஆனால் அப்போது தமிழழகன் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார். மேலதிகாரி பேசும்போது கீழே பார்க்கக் கூடாது என்பது அய்யப்பன் இருபத்திரண்டு வருடமாகக் காத்துவந்த விரதம்.

வழக்கமாக முடிவுச் சீட்டு முதல்நாளே எழுதப்பட்டுத் தமிழழகன் சட்டைப் பையில் இருக்கும். அன்றும் இருந்தது. ஆனால் விஜயலட்சுமி தானும் ஒரு காலத்தில் குழி தோண்டியவர் என்பதைச் சபைக்குத் தெரிவிக்க விரும்பினார். எடைகளைத் தன்னிடம் சொல்லச் சொன்னார். கைப்பேசியில் தானே கணக்கிட்டார். மணலைவிடச் சாமை எடை கம்மி. கணக்குக்கு அது தெரியாது. குழியில் கம்மியாகவே மணல் பிடித்திருக்கிறது, ஆகவே குழி சின்னது, ஆகவே சின்னக் குழிக்குள் இத்தனை மண் அடைந்து கிடந்திருக்கிறது என்று கணக்கு முடிவுகட்டியது.

விஜயலட்சுமி ஒரு முறை பார்த்தார். மறுபடி கணக்கிட்டார். பிறகு எழுந்து நின்றார்.

"நூத்தி எழுபத்தொண்ணு சதவீதம்."

 தமிழழகன் கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லாரும் தட்டினார்கள். சென்னையிலிருந்து உடன் வந்த இளம் பொறியாளர் ஒருவர் மட்டும் மெல்லச் சொன்னார்:

"மேடம், கருங்கல்லையே வச்சு அளந்தாலும் நூத்தி நாப்பத்து மூணுக்கு மேல வராது."

"அப்ப கருங்கல்லுதான் முன்னேறணும்," என்றார் விஜயலட்சுமி. அந்த இளைஞருக்கு மலைப்பகுதி அனுபவம் போதாது என்று அன்றே குறிப்பெழுதப்பட்டது.

தலைமை மெய்ப்பிப்பாளரின் உரை நாற்பது நிமிடம் நீடித்தது. "இத்தனை வருஷமா நாம தொண்ணூத்தெட்டுல திருப்திப்பட்டுக்கிட்டு இருந்திருக்கோம். எனக்கு வெட்கமா இருக்கு. ஒவ்வொரு சாலையிலயும் அதே தொண்ணூத்தெட்டு. ஏன்? நாம அவ்வளவுதான் எழுதினோம். மண்ணு தயாரா இருந்திருக்கு, நாமதான் எழுதத் தயாரா இல்ல. இன்னிலேர்ந்து இந்த மாநிலத்துல இதுதான் அளவு. இந்த ஒன்பது கிலோமீட்டர்ல இருந்தே தொடங்குவோம். இங்க நூத்தி எழுபத்தொண்ணு முடியும்னா மிச்ச இடத்துல ஏன் முடியாது? முழுச் சாலையும் இந்த அளவுக்கு வர்றவரைக்கும் சான்று கிடையாது. பில்லும் கிடையாது."

பழனி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார்.

*

மறுநாளே, வளைவில் ஏறாத தண்ணீர் லாரிகள் மூன்று ஏறிவிட்டன. வயதான ரோலருக்குப் பதில் இரண்டு புது ரோலர்கள் வந்தன. போக எட்டு, வர எட்டு என்று ஐந்து வாரம் ஓட்டினார்கள். கிலோமீட்டர் கிலோமீட்டராக, புது மணல் கொண்டுவந்து, சாலையின் மேலேயே சோதித்தார் அய்யப்பன். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டரை என்று வந்தது. அலகின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு சாலை உண்மையாகவே தேறியது. அதனால் அலகின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு சாலை தோற்றதாகப் பதிவானது.

தினமும் சென்னையிலிருந்து போன். நூற்று எழுபத்தொன்று எங்கே? அந்த முறை என்ன? விளக்க அறிக்கை எப்போது வரும்? தமிழழகனின் பதவி உயர்வுக் கோப்பு அந்த அறிக்கைக்காகக் காத்திருந்தது. காண்டிராக்டரும் தினமும் போன் செய்தார். அவர் அறிக்கை எதுவும் கேட்கவில்லை, வேறு விதமாகப் பேசினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை தமிழழகனே மலையேறிக் களத்துக்கு வந்தார். நடுவில் இரண்டு நாள் மழை பெய்திருந்தது. முப்பத்தொன்பதாவது குழியின் மேல் அலகு ஒரு சின்னக் கம்பி வேலியும் பெயர்ப்பலகையும் வைத்திருந்தது. வேலிக்குள் பச்சைப் பசேலென்று பயிர் முளைத்திருந்தது.

தமிழழகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு நாற்றைப் பிடுங்கினார். வேரில் சாமை உமி ஒட்டியிருந்தது. உமியை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"அம்மா."

இருசம்மாள் வெளியே வந்தாள். கையில் பிளாஸ்டிக் கவர் தயாராக இருந்தது.

"அரசு மணல்ல கலப்படம் பண்ணியிருக்கீங்க. இது கேஸு."

"போடுங்க சார். எந்த எடத்துல கலந்துச்சின்னு எழுதுவீங்க?"

"உங்க களத்துலதான்."

"எங்க களத்துல குழியே இல்லன்னு இதுல எழுதிக் குடுத்திருக்கீங்க." முதல் கடிதத்தை எடுத்தாள்.

"குழியில இருந்த மணல..."

"அது இதுல இருக்குது." இரண்டாவதை எடுத்தாள். "நான் குறைவில்லாம குடுத்தேன்னு அய்யப்பன் சார் சீலு குத்தி எழுதினது இது. மூணையும் ஒண்ணா வச்சி மெட்ராஸ் மேடத்துக்கு அனுப்பட்டுமா? அவங்களே கணக்குப் போடறவங்க."

தமிழழகன் மூன்று காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மலையில் இருக்கும் சாலையும் ஃபைலில் இருக்கும் சாலையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் சந்திப்பதை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை.

"உங்களுக்கு இன்னா வேணும்?"

"என் சாமை வேணும். மணலு உங்களுது, நீங்க எடுத்துக்கங்க."

"ஒன்பது மூட்டை கடையில வாங்கித் தந்துடறேன்."

"கடைச் சாமை அரிசியா வரும் சார், முளைக்காது. அடுத்த ஆடிக்கு எனக்கு வெதை வேணும். அஞ்சு வூட்டுக்கும் அளந்து குடுத்துட்டு நிக்கறேன். எனக்கு இந்தச் சாமைதான் வேணும்."

"ஆள் வச்சி பிரிக்கச் சொல்றேன்."

"ஆள் வச்சா, அவனுங்க ஒரு எடத்துல கொழிச்சிட்டு எல்லா எடமும் கொழிச்சேன்னு எழுதுவானுங்க. நீங்களே கொழிங்க. கொழிச்சி முடிச்ச அன்னிக்கு மூணு காயிதத்தையும் தரேன்."

*

முதலில் களத்தை ஒழுங்கு செய்தார்கள். முப்பத்தொன்பது குழிகளிலும் மண்ணைப் போட்டு அய்யப்பன் திமிசு இடித்தார். பழனி சாணி கரைத்தார். மெழுகும்போது பச்சையம்மாள் மேற்பார்வை பார்த்தாள். கோணலாக மெழுகிய இடத்தை மூன்று முறை அழிக்க வைத்தாள்.

பிறகு ஒன்பது மூட்டையும் அலகின் ஜீப்பிலேயே மலையேறி வந்தன. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் தமிழழகன், அய்யப்பன், பழனி மூவரும் களத்தில் ஆளுக்கொரு முறத்தோடு உட்கார்ந்தார்கள். அலுவலகக் குறிப்பேட்டில் 'கள ஆய்வு' என்று எழுதினார்கள். அலகு தன் வாழ்நாளில் எழுதிய சில உண்மைகளில் அதுவும் ஒன்று.

"முறத்தத் தூக்கித் தட்டுங்க சார். ஃபைல தட்ற மாதிரி தட்டாதீங்க," என்றாள் பச்சையம்மாள்.

பத்தடி தள்ளி, சான்று இல்லாத சாலையில் பன்னிமேட்டுக்கு மினி பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. ஓட்டுநர் தினமும் வேகத்தைக் குறைத்து, களத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பயணிகளுக்குக் காட்டிவிட்டுப் போனார்.

ஐந்தாவது செவ்வாய்க்கிழமை ஒரு மூட்டை முடிந்தது. தமிழழகனின் விரல் நகங்கள் தேய்ந்திருந்தன. மூட்டையின் வாயை விரித்து, மேலாக ஒரு கை சாமையை அள்ளி நீட்டினார்.

"பாருங்கம்மா. பொடி இல்ல."

இருசம்மாள் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மூட்டைக்குள் தோள்வரை கையை விட்டாள். அடியைத் தொட்டு, ஒரு மூலையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டாள். மூன்று பேரும் அவள் தாடையைப் பார்த்தார்கள்.

நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. துப்பினாள்.

"நூத்துக்கு தொண்ணூத்தெட்டு சுத்தம்மா," என்றார் தமிழழகன். குரல் கெஞ்சலாக வந்தது. "எந்தச் சட்டத்துலயும் தொண்ணூத்தேழு போதும்."

"சோத்துக்கு அந்தச் சட்டம் இல்ல சார்."

இருசம்மாள் மூட்டையைக் கவிழ்த்தாள். ஐந்து செவ்வாய்க்கிழமையும் களத்தில் சரிந்து பரவியது.

"மொதல்லேர்ந்து கொழிங்க," என்றாள். "இன்னும் எட்டு இருக்குது."

பழனி முறத்தை எடுத்துத் தமிழழகன் கையில் கொடுத்தார்.